நான்காம் நம்பர் தொட்டி

எங்கள் ஊருக்கு வெளியே நாலுவழிச் சாலையில் இருக்கும் மருந்துக் கம்பெனியில், புற்றுநோய்க்கான மருந்தை வன்மத்திலிருந்து எடுக்கிறார்கள். நான் அங்கே பதினொரு வருடமாக வன்மம் கொடுத்து வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் முறை.

முதலில் எலிகளிடமிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு எலியின் கடலையைப் பிடுங்கி அதன் கண்ணெதிரே இன்னொரு எலிக்குக் கொடுப்பார்கள். முதல் எலிக்குக் கோபம் வரும். அதை எடுத்து மருந்தாக்கினால் மூன்று நாள் நன்றாக வேலை செய்யும். நாலாம் நாள் எலி மறந்துவிடும். மருந்தும் மறந்துவிடும். அதன் பிறகுதான் மனிதர்களிடம் வந்தார்கள். பேப்பரில் விளம்பரம் போட்டார்கள். இருபது வருடத்துக்குக் குறையாத பகை உள்ளவர்கள் நேரில் வரவும், நிலத்தகராறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்று இருந்தது. கோர்ட்டில் தீர்ப்பு வந்தால் பகை தீர்ந்துவிடும் என்று கம்பெனி பயந்தது. வெளியூர்க் கம்பெனி.

நான் காய்கறி மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் படித்தவர்கள். ஒருவரைத் தவிர யாரும் தேறவில்லை. படித்தவர்களின் வன்மம் நீர்த்துப்போயிருக்கும். பேசிக்கொண்டே வந்து நடுவில், "அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு தொட்டி மருந்து கெட்டுப்போகும். அந்த ஒருவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர், அவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர் படித்தவர்தான். ஆனால் எதிராளி சொல்வதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது.

டாக்டர் பொற்கொடி என்னை உட்காரவைத்து விளக்கினார். கம்பெனியில் ஆராய்ச்சிக்குத் தலைமை அவர்தான்.

"புத்துங்கிறது வெளியாள் இல்லைங்கய்யா. நம்ம உடம்பிலேயே பிறந்த சொந்தம். கெட்டவனைப் பிடிக்கிறதுக்குன்னு ரத்தத்துல காவக்கார செல் சுத்திக்கிட்டே இருக்கும். அது வந்து கதவைத் தட்டினா, புத்து சிரிச்சுக்கிட்டே கையை நீட்டும். சொந்தக்காரன் கையை நீட்டினா என்ன பண்றது? குலுக்கிட்டுப் போயிடும்."

"குலுக்கக் கூடாது," என்றேன்.

"அதேதான். அந்தக் கையைத் தட்டிவிடுற ஆளுதான் ஆன்டிபாடி. அந்தக் குணம் உள்ளவங்க வேணும். நீங்க எப்படி?"

"என் தங்கச்சி வீட்டுல இருபது வருசமா பச்சத் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல."

அவர் எழுந்து நின்று கைகொடுக்க வந்தார். நான் கையை நீட்டவில்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ரத்தம் எடுப்பவர் பெயர் லூர்து. ஊசியைக் குத்திவிட்டு, "ஆரம்பிங்கய்யா" என்பார். நான் முதலிலிருந்து சொல்வேன். என் தங்கை பொன்னுத்தாயின் மகள் செல்வராணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் ஒரே தாய்மாமன். ஏழு தாம்பாளத்தில் சீர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் பின்சக்கரம் பஞ்சர். கோயிலுக்குள் நுழையும்போது ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை, பால் சங்கத்துச் செயலாளர் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. தங்கை புருஷன் தவசிலிங்கம் பால் சங்கத்தில் வேலை பார்த்தார். "வாங்க மச்சான், நேரம் போயிருச்சு, அதான் சாரை உட்கார வச்சுட்டோம். பந்தியில உட்காருங்க" என்றார். நல்ல நேரம் முடிந்து ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. நான் ஏழு தாம்பாளத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

'ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்' என்ற இடத்தில்தான் ரத்தம் நன்றாக வரும். லூர்து அந்த இடத்துக்கு வேறு சீசா வைத்திருக்கிறார். ஐந்நூறு தடவைக்கு மேல் கேட்டவர். நான் தவறவிட்டால் எடுத்துக்கொடுப்பார்.

"தாம்பாளம் ஆறுன்னு சொல்லிட்டீங்கய்யா. ஏழு."

"ஏழு. தேங்காயை விட்டுட்டேன்."

அந்த ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து, வெதுவெதுப்பான சத்துநீர் நிரப்பிய எவர்சில்வர் தொட்டியில் விட்டு வளர்ப்பார்கள். ஆளுயரத் தொட்டி. தலைமையாசிரியருடையது மூன்றாம் நம்பர். என்னுடையது நான்காம் நம்பர். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வந்த ஒரே வாரத்தில் நான்காம் நம்பர் தன் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் முன்னால் 'போனது போகட்டும்' என்று யாரும் சொல்லக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். தொட்டி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷிலும் ஒரு போர்டு உண்டு. சிரிக்கக் கூடாது என்று அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறது.

வாராவாரம் நான் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். கடந்த ஏழு நாட்களில் யாரையாவது மன்னித்தீர்களா? இல்லை. மன்னிக்கலாம் என்று தோன்றியதா? இல்லை. பழைய போட்டோ எதையாவது எடுத்துப் பார்த்தீர்களா? இல்லை. கீழே கையெழுத்து. தணிக்கைக்கு வருகிறவர்கள் என் பாரத்தைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

மருந்து நன்றாகப் போனது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் என் மருந்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்று டாக்டர் பொற்கொடி சொன்னார். பக்கவிளைவு கொஞ்சம் உண்டு. ஈரோட்டில் ஒரு அம்மாள், பிழைத்து எழுந்ததும் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஜெர்மனியில் ஒரு பெரியவர், வாசலில் உட்கார்ந்து தன் மடியைத் துண்டால் தட்டிவிட்டு யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். இதெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் காகிதத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம் பொன்னுத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். அவள் வருவாள். நான்தான் போவதில்லை.

"அண்ணே, அவுகளுக்கு நெஞ்சுல புத்து. டவுன் ஆஸ்பத்திரியில ஒரு மருந்து எழுதியிருக்காக. விசாரிச்சேன். அது உங்க மருந்துதானாம்."

"இருக்கும்," என்றேன்.

"மருந்து ஏத்துறதுக்கு முந்தி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு அழுகுறாக. ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே. முப்பத்தொரு வருசமாச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை இதை டாக்டர் பொற்கொடியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அவர் மன்னிப்புக் கேட்டு நீங்க மன்னிச்சிட்டா தொட்டி அன்னைக்கே அடங்கிடும். அவருக்கும் மருந்து இல்ல, அறுநூத்திப் பன்னெண்டு பேருக்கும் இல்ல."

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். தவசிலிங்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். அவரைப் பழிவாங்க வேண்டுமென்றால் நான் அவரை மன்னிக்க வேண்டும். வேறு வழி இல்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு வசதி கிடைத்ததில்லை. புதன்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு, லேசாக மன்னித்துப் பார்த்தேன். அவருக்கும் அன்றைக்கு நெருக்கடி இருந்திருக்கும் என்று நினைத்தேன். உடனே போன் வந்தது. லூர்து.

"ஐயா, நாலாம் நம்பர்ல அளவு இறங்குது. என்ன பண்றீங்க?"

"சும்மா பார்த்தேன்."

"பார்க்காதீங்கய்யா."

மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் வேண்டாமென்று விட்டேன். மன்னித்துச் சாகடிப்பதற்கு முப்பத்தொரு வருடம் கோபமாக இருந்திருக்க வேண்டியதில்லை. மேலும் தாலி பொன்னுத்தாயுடையது.

திங்கள்கிழமை மாப்பிள்ளை தவசிலிங்கத்துக்கு மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறவில்லை. சீசாவிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, டியூப் வழியாகக் கைவரைக்கும் வந்து, ஊசிமுனையில் நின்றுவிட்டது. நர்ஸ் இடது கையில் குத்திப் பார்த்தார். வலது கையில் பார்த்தார். காலில் பார்த்தார். எல்லா இடத்திலும் வாசல்வரை வந்து நின்றது. அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் கோயிலில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் மருந்து அதைக் காப்பாற்றியது.

மதியம் கம்பெனி கார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. டாக்டர் பொற்கொடி வராந்தாவில் காத்திருந்தார்.

"இதுக்கு என்னங்கய்யா வழி?"

"முறைப்படி கூப்பிடணும்," என்றேன். "கோவிச்சுக்கிட்டுப் போன சம்பந்தக்காரன் சும்மா வா வான்னா வரமாட்டான். வெத்தலை பாக்கு, பழம், குங்குமம் தட்டுல வச்சு முறை சொல்லிக் கூப்பிடணும். மூணு தரம். ரெண்டு தரத்துல வந்தா கேவலம்."

"மன்னிப்புக் கேக்கணுமா?"

"கூப்பிடுறது வேற, மன்னிப்பு வேற."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். தட்டு வாங்கிவர ஆள் அனுப்பினார். வெற்றிலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள்.

நான் உள்ளே போனேன். மாப்பிள்ளை பாதியாகியிருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டிருந்தும் உள்ளே இன்னொரு கழுத்து நுழையலாம் போலிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"மச்சான், அன்னைக்கு நான் செஞ்சது..."

"மாப்ள!" என்று அதட்டினேன். "மன்னிப்பு மட்டும் கேட்டீங்க, பார்த்துக்கங்க."

"அண்ணன் சொல்றதக் கேளுங்க," என்றாள் பொன்னுத்தாய். "வாயை மூடுங்க. தட்டைப் பிடிங்க."

அவர் படுத்தபடியே தட்டை இரண்டு கையாலும் பிடித்து, டிரிப்ஸ் கம்பியில் தொங்கிய சீசாவைப் பார்த்து நீட்டினார். "மச்சான், வாங்க" என்றார். சொட்டு அசையவில்லை. "வாங்க மச்சான், வீட்டுக்குள்ள வாங்க." சொட்டு கொஞ்சம் பெரிதானது. இறங்கவில்லை. இரண்டாம் முறையிலேயே போயிருந்தால் எனக்கே அசிங்கமாக இருந்திருக்கும்.

"மச்சான், நீங்க வந்தாத்தான் எனக்குப் பொழப்பு. வாங்க."

ஒரு சொட்டு இறங்கியது. அதன் பிறகு ஒன்று. பிறகு நின்றுவிட்டது. நர்ஸ் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கெட்டிக்காரர். இல்லாவிட்டால் பால் சங்கத்தில் அவ்வளவு வருடம் இருந்திருக்க முடியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்ன இருந்தாலும் நீங்க லேட்டா வந்தது தப்புத்தான் மச்சான். பத்து நிமிசம் லேட்டு."

"ஆறு."

"பத்து. செயலாளர் சார் வாட்ச்சு கட்டியிருந்தாரு. நீங்க வாட்ச்சும் கட்டல, ஒண்ணும் கட்டல."

"ஆறு நிமிசம்டா மாப்ள! கோயில் மணியக் கேளு!"

மருந்து கடகடவென்று இறங்கியது. நர்ஸ் திருகைப் பிடித்துக் குறைக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை தட்டு வைத்துச் சீசாவை மூன்று முறை அழைப்பார். பிறகு என்னை ஏதாவது சொல்வார். அதற்காக வீட்டில் பொன்னுத்தாயை உட்காரவைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். என் சீரில் இருந்த வாழைப்பழம் கறுத்திருந்தது என்றார். என் மடியில் உட்கார்ந்தால் குழந்தைக்குச் சாக்குத் தூசி ஒட்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள் என்றார். அது நன்றாக வேலை செய்தது. கட்டி தேங்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. அவருக்கு மீசை திரும்ப வளர்ந்தது.

பிரச்சினை என்னிடம்தான் வந்தது. திங்கள்கிழமை எப்போது வரும் என்று நான் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை இந்தத் தடவை என்ன சொல்வார் என்று நினைத்துப் பஸ்ஸில் சிரித்துவிட்டேன். அன்றைக்கே தொட்டியில் அளவு இறங்கியது. பாரத்தில் 'இல்லை, இல்லை' என்றுதான் எழுதினேன். தொட்டி அதைப் படிப்பதில்லை.

டாக்டர் பொற்கொடி என்னைக் கூப்பிட்டார். "நாலாம் நம்பர் களைச்சுப்போச்சுங்கய்யா. பதினோரு வருஷம். இன்னும் ரெண்டு மாசம் தாங்கும். எலுமிச்சை அளவு இன்னும் மிச்சம் இருக்கு. மருந்து நின்னா மறுபடி தேங்காய் ஆயிடும்."

"வேற ஆளு?"

"உங்க அளவுக்கு யாரும் கிடைக்கல. புதுசா ஒரு பகை உங்களுக்கே வந்தாத்தான் உண்டு."

"எனக்கு இருக்கிறது ஒண்ணுதான்," என்றேன்.

அந்த வாரத்தில் செல்வராணி வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குப் பால் சங்கத்துச் செயலாளர் மடியில் அழுதவள். அவளுக்கே இப்போது ஒரு பெண்குழந்தை. பத்து மாதம்.

"மாமா, பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல. முறைக்கு நீங்கதான் வரணும். எனக்குத்தான் உங்க மடி கிடைக்கல."

பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் தாய்மாமன் என்ற இடத்தில் பெயர் இல்லை. இடம் மட்டும் விட்டிருந்தது. நேரத்தில் வருகிறவர் பெயரைக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள் என நினைத்தேன்.

கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். "குழந்தை மடியில உட்கார்ந்தா எல்லாம் போயிடும் டாக்டரம்மா. தெரியும். ஆனாலும் போவேன். எனக்கு அறுபத்தெட்டு வயசு. இந்த மடியில இதுவரைக்கும் சாக்கு தவிர ஒண்ணும் இருந்ததில்ல."

அவர் தடுப்பார் என்று பார்த்தேன். "போயிட்டு வாங்கய்யா," என்றார். பத்திரிகையை வாங்கி முகூர்த்த நேரத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஏழு தாம்பாளம் எடுத்துக்கொண்டேன். தேங்காயை இரண்டு முறை எண்ணினேன். வாட்ச் கட்டிக்கொண்டேன். முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். அதே இடத்தில் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. கண்டக்டரும் அன்றைக்கு இருந்தவர்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாட்ச்சு கட்டியிருக்கீங்க போல," என்றார்.

நல்ல நேரம் முடிந்து ஆறாவது நிமிஷம் கோயில் வாசலில் இறங்கினேன். கம்பெனி லாரி வேப்பமரத்து நிழலில் நின்றது. லூர்து வாசலில் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார்.

பந்தலில் நான்காம் நம்பர் தொட்டி உட்கார்ந்திருந்தது. பட்டு வேட்டி கட்டி, மேல்துண்டு போட்டு, குழாயில் மாலை போட்டிருந்தார்கள். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அதன் மடியில் இருந்தது. அழவில்லை. தொட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது. குரல் மட்டும் ஒத்திகை பார்த்த குரல்.

"வாங்க மச்சான். தட்டு வச்சு மூணு தரம் கூப்பிட்டது அவுகளைத்தான். உங்களை நாங்க அப்படிக் கூப்பிடல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பந்தியில உட்காருங்க."

முறை சரியாகத்தான் இருந்தது. தட்டு சீசாவுக்குத்தான் நீட்டப்பட்டது. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். டாக்டர் பொற்கொடி முதல் பந்தியில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைநிமிரவில்லை. நான் ஏழு தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே ஏறினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லூர்து ஊசியைக் குத்தினார்.

"எதிலிருந்துங்கய்யா?"

"பஸ் பஞ்சரானதிலிருந்து."

"எந்தப் பஸ்?"

"ரெண்டாவது."

ஒரே தடவையில் மூன்று சீசா நிறைந்தது. அதற்கென்று ஐந்தாம் நம்பர் தொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். அடுத்த திங்கள்கிழமை மாப்பிள்ளைக்கு அதிலிருந்துதான் மருந்து போனது. தட்டு வைக்கத் தேவைப்படவில்லை. ஐந்தாம் நம்பருக்கு அவரோடு பகை இல்லை, நான்காம் நம்பரோடுதான். நேராக உள்ளே போனது. இரண்டு மாதத்தில் எலுமிச்சை போய்விட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஐந்தாம் நம்பருக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் இப்போது பால் வாங்குகிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

நான்காம் நம்பரை ஐந்தாம் நம்பருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நம்பர் முதல் நாளே குழாயைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நம்பருக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. மடியில் சந்தனம் காயாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவை அதனிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

போன வாரம் நான் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அது எங்கள் பக்கமாகத் திரும்பி, "போனது போகட்டும் மச்சான்" என்றது.

ஐந்தாம் நம்பர் குழாயை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டது. நான் கையெழுத்தைப் போட்டு முடித்தேன்.